கொம்புச்சாவில் கிராவிட்டி ரீடிங் இடிக்கிறதா? சென்னைச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

கொம்புச்சா என்பது சர்க்கரை போட்ட தேநீரை நொதிக்கவைத்த புளிப்புப் பானம். அதன் கிராவிட்டியை, அதாவது தண்ணீரை 1.000 என்று வைத்து ஒப்பிட்ட அடர்த்தியை, அளக்கிற கண்ணாடி மிதவைதான் ஹைட்ரோமீட்டர். சர்க்கரை கூடினால் எண் ஏறும், நொதித்துக் குறைந்தால் இறங்கும். வீட்டில் கொம்புச்சா போடுகிறவர்கள் ஹைட்ரோமீட்டர் வாங்கின கையோடு கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இவைதான். "சர்க்கரையை நிறுத்துத்தான் போட்டேன், ரீடிங் ஏன் குறைவா இருக்கு?" "இத்தனை நாள் ஆச்சு, அளவு அசையவே மாட்டேங்குதே?" "நேத்தைவிட இன்னிக்கு ஏறியிருக்கே, அது எப்படி?" தேடிப் பார்த்தால் கிடைக்கிற பதில்கள் எல்லாம் பீர் காய்ச்சுகிறவர்களுக்காக எழுதியவை. அதுவும் 18, 20 டிகிரி குளிரில் காய்ச்சுகிறவர்களுக்கு. நம் ஊர் அடுப்படியில் மார்கழி மாதத்திலேயே 27 டிகிரி நிற்கும். அந்தக் கணக்கை அப்படியே எடுத்துவந்து இங்கே போட்டால் உருப்படாது. நானும் இதில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களில் ஒருவன் என்பதால், அடுத்து வருகிறவர்களாவது நேர்வழியில் போகட்டும் என்று எழுதுகிறேன்.

பீர் பற்றி இங்கே பேசப்போவதில்லை. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 அமலில் இருக்கும் இந்த ஊரில், உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். 'எனக்கு மட்டும்தான் சார்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கொம்புச்சா போடுவது மதுவுக்காக அல்ல. ஆனால் சர்க்கரை, ஈஸ்ட், ஹைட்ரோமீட்டர் எல்லாம் அதேதான் என்பதால் குழப்பங்களும் அதே குழப்பங்கள்தான்.

ரீடிங் இடித்தால் பானத்தைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் கருவி, அடுத்து வெப்பம், அதற்கடுத்து சாம்பிள் எடுத்த விதம். இந்த வரிசையில் போனால் பாதிப் பிரச்சினை ஜாடியைத் திறப்பதற்கு முன்பே தீர்ந்துவிடும். கீழே உள்ள படிகளும் அந்த வரிசைதான்.

1. சரியான ஹைட்ரோமீட்டரை வாங்குங்கள்

எலக்ட்ரிக்கல் கடையில் 'ஹைட்ரோமீட்டர் இருக்கா?' என்று கேட்டால் இன்வர்ட்டர் பேட்டரிக்கு உள்ளதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். ரப்பர் குமிழும் கண்ணாடிக் குழாயுமாக இருக்கும். அதன் அளவு 1.100-இல் தொடங்கும். நம் பானம் 1.000-க்கும் 1.030-க்கும் நடுவில் இருப்பது. மிதவை மேலே எழும்பவே எழும்பாது. பேட்டரிக்கு உபயோகித்த ஒன்றை யாராவது 'கழுவிட்டு வெச்சுக்கோ' என்று கொடுத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் கந்தக அமிலமும் ஈயமும் பட்டிருக்கும்.

பால்மானியும் வேண்டாம். தண்ணீர், பால் என்பதைக் குறிக்க இரண்டு ஆங்கில எழுத்தும் நடுவில் சில கோடுகளும் போட்டிருப்பார்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க அது போதும். ஒவ்வொரு பாயிண்டாகக் கணக்கு வைக்க முடியாது.

உங்களுக்கு வேண்டியது 1.000-இலிருந்து 1.050 வரையோ 1.100 வரையோ அளக்கிற லேப் ஹைட்ரோமீட்டர். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒரு பாயிண்ட், அதாவது 0.001 இருக்க வேண்டும். ஆன்லைனில் பீர், வைனுக்கென்று விற்கிற மூன்று அளவுகோல் ஹைட்ரோமீட்டரிலும் வேலை ஆகும். ஆனால் அதில் கோடுகள் நெருக்கம், கண்ணாடி போடுகிறவர்களுக்குச் சிரமம். பாரிமுனைப் பக்கம் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குச் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

செலவுக் கணக்கு தோராயமாக இப்படி வரும். ஹைட்ரோமீட்டர் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை. 250 மில்லி பிளாஸ்டிக் மெஷரிங் சிலிண்டர் இருநூறு ரூபாய் அளவில் கிடைக்கும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் இன்னொரு முன்னூறு. சமையலறைத் தராசு ஏற்கெனவே இருக்கும். ஆக, இரண்டாயிரத்துக்குள் முடித்துவிடலாம். தெர்மாமீட்டரை மட்டும் 'அப்புறம் வாங்கிக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். நம் ஊரில் அது இல்லாமல் ஹைட்ரோமீட்டர் வாங்குவது வீண் செலவு.

கடையிலேயே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கண்ணாடித் தண்டுக்குள் அளவு அச்சிட்ட தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். ஹைட்ரோமீட்டரைத் தலைகீழாகப் பிடித்து விரலால் மெதுவாகத் தட்டுங்கள். தாள் துளி நகர்ந்தாலும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே தாளில் பொடி எழுத்தில் ஒரு வெப்பநிலை இருக்கும். 15.6 (அதாவது 60 பாரன்ஹீட்), 20, சிலவற்றில் 27. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாமே அதைவைத்துத்தான்.

பில் வாங்குங்கள். அதில் வெறுமனே 'ஹைட்ரோமீட்டர்' என்று எழுதாமல் அளவு வரம்பையும் வெப்பநிலையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வேறு வரம்புள்ளதைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, மாற்றப் போனால் 'நீங்க இதைத்தான் கேட்டீங்க' என்று சாதித்த கடையையும் பார்த்திருக்கிறேன்.

2. வெறும் தண்ணீரில் ஒருமுறை, சர்க்கரைத் தண்ணீரில் ஒருமுறை

வாங்கி வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள், அரை மணி நேர வேலை.

ஆர்.ஓ. தண்ணீரையோ கேன் தண்ணீரையோ சிலிண்டரில் நிரப்புங்கள். ஃப்ரிட்ஜ் தண்ணீர் கொஞ்சம் கலந்து, ஹைட்ரோமீட்டரில் போட்டிருக்கிற வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். ரீடிங் 1.000 காட்ட வேண்டும். 0.998 காட்டினால் தூக்கிப்போட வேண்டாம். 'இந்தக் கருவிக்கு 2 பாயிண்ட் கூட்டு' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டிவிடுங்கள். போர்வெல் தண்ணீரில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். உப்பு அதிகமான தண்ணீர் பாயிண்ட் கணக்கில் பெரிதாக மாற்றாது என்றாலும், சோதிக்கிற இடத்தில் சந்தேகத்துக்கு இடம் வைப்பானேன்.

அடுத்து, 50 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 450 கிராம் தண்ணீர். தண்ணீரையும் தராசில்தான் நிறுக்க வேண்டும். முழுக்கக் கரைந்தால் அது 10 பிரிக்ஸ், அதாவது எடையில் 10 சதவீதம் சர்க்கரை. கிராவிட்டி 1.040. இதிலும் முன்பு வந்த அதே வித்தியாசம் வந்தால் கருவி ஒழுங்கானது. தண்ணீரில் சரியாகவும் சர்க்கரையில் தப்பாகவும் காட்டினால், முதலில் தராசைப் பாருங்கள். பேட்டரி தீர்ந்த சமையலறைத் தராசு கூசாமல் பொய் சொல்லும்.

3. வெப்பத்துக்குத் திருத்தம் போடுங்கள்

சென்னையில் வருகிற விசித்திர ரீடிங்குகளில் பெரும்பங்கு இந்த ஒரு விஷயத்தால்தான். சூடு ஏறினால் திரவம் விரியும், அடர்த்தி குறையும், ஹைட்ரோமீட்டர் கொஞ்சம் கீழே இறங்கும். சர்க்கரை அப்படியேதான் இருக்கும், ரீடிங் மட்டும் குறையும்.

20 டிகிரிக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டர் என்றால், வந்த ரீடிங்கோடு இவ்வளவு கூட்டிக்கொள்ளுங்கள்:

25 டிகிரியில் 1 பாயிண்ட்
28 டிகிரியில் 2 பாயிண்ட்
30 டிகிரியில் இரண்டரை
32 டிகிரியில் 3
35 டிகிரியில் 4

15.6 டிகிரி கருவி என்றால் இதற்கு மேல் இன்னும் ஏறக்குறைய ஒரு பாயிண்ட். 27 டிகிரி கருவி நமக்கு வசதி. 32-இல் அளந்தாலும் ஒன்றரை பாயிண்ட்தான் இடிக்கும். இரண்டும் கிடைக்கிற கடையில் 27-ஐக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் அளந்தால் கதை தலைகீழ். 20 டிகிரி கருவி அப்போது ஏறக்குறைய 2 பாயிண்ட் கூடுதலாகக் காட்டும், அதைக் கழிக்க வேண்டும்.

'பீரில் யாரும் இவ்வளவு பார்ப்பதில்லையே?' என்று கேட்கலாம். பீர் 1.050 போல எங்கோ தொடங்கி 1.010 வரை இறங்குகிறது. நாற்பது பாயிண்ட் பயணத்தில் மூன்று பாயிண்ட் பிசகு பெரிதில்லை. கொம்புச்சா 1.025-இல் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு பாயிண்ட் இறங்கினாலே அதிகம். அதில் மூன்று பாயிண்ட் என்பது கால்வாசி.

4. சாம்பிள் எடுக்கும் முறை

மருந்துக் கடையில் 50 மில்லி சிரிஞ்ச் ஊசியில்லாமல் கிடைக்கும். அதைக் கொதிநீரில் அலசி, ஸ்கோபியை (மேலே மிதக்கும் ஈஸ்ட், பாக்டீரியா ஆடை) ஓரமாக ஒதுக்கி, ஜாடியின் நடு ஆழத்திலிருந்து உறிஞ்சுங்கள். மேல்மட்டத்தில் எடுத்தால் ஒரு ரீடிங், அடியில் ஈஸ்ட் படிந்த இடத்தில் எடுத்தால் இன்னொரு ரீடிங் வரும். நேற்று மேலே, இன்று கீழே என்று எடுத்துவிட்டு 'ஏறிடுச்சு' என்று பதறுகிறவர்கள் உண்டு.

அப்புறம் வாயு. குமிழ் விடுகிற பானத்தில் ஹைட்ரோமீட்டரைப் போட்டுக் கூர்ந்து பாருங்கள். சில விநாடிகளில் தண்டைச் சுற்றிப் பொடிப் பொடிக் குமிழ்களாக ஒட்டும். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அதை மேலே தூக்கும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரீடிங் ஏறும். அளப்பதற்கு முன்னால் இரண்டு டம்ளர் எடுத்து, டீ ஆற்றுவதைப் போல நுரை அடங்கும் வரை நன்றாக ஆற்றிவிடுங்கள். கொஞ்சம் உயரத்திலிருந்தே ஊற்றி ஆற்றலாம். அளந்த சாம்பிளைத் திரும்ப ஜாடியில் ஊற்றப் போவதில்லை என்பதால் சிந்தினாலும் கவலை இல்லை. (ஊற்றவும் கூடாது. குடித்துவிடுங்கள், ருசியும் ஒரு ரீடிங்தான்.)

ஆற்றிய பானத்தைச் சிலிண்டரில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை விட்டு, தண்டைப் பிடித்து ஒரு சுழற்று சுழற்றுங்கள். ஒட்டியிருக்கிற மிச்சக் குமிழ்களும் கழன்றுவிடும். சுவரில் சாயாமல் நடுவில் நிற்கிறதா பாருங்கள். கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கிப் படியுங்கள். தண்டை ஒட்டித் திரவம் கொஞ்சம் மேலேறி வளைந்திருக்கும். அந்த வளைவின் மேல் விளிம்பு கணக்கில்லை, அடிமட்டம்தான் ரீடிங். டிகாக்‌ஷன் கடுங்கறுப்பாக இருந்து அடிமட்டம் தெரியவில்லை என்றால் பின்னால் மொபைல் வெளிச்சத்தைப் பிடியுங்கள்.

படித்த உடனே தெர்மாமீட்டரை அதே சிலிண்டரில் விட்டு, ரீடிங், வெப்பம், தேதி, நேரம் நான்கையும் எழுதுங்கள். திருத்தம் போட்ட எண்ணை மட்டும் எழுதாதீர்கள். திருத்தம் தப்பாக இருந்தால் பிறகு சரிசெய்ய மூல ரீடிங் வேண்டும். ஆளுக்கொரு செயலி வைத்திருக்கிறோம் என்றாலும், ஈரக் கையோடு எழுத அடுப்படியில் ஒரு பழைய நோட்டும் பேனாவும்தான் லாயக்கு.

தினமும் அளக்க ஆசை வரும். மூன்று லிட்டர் ஜாடியில் தினம் 150 மில்லி எடுத்தால் வாரக் கடைசியில் ஒரு லிட்டர் காணாமல் போயிருக்கும். போட்ட அன்று ஒன்று, நான்காம் நாள் ஒன்று, அதன் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் போதும்.

5. முதல் ரீடிங் எதிர்பார்த்தது இல்லையா?

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 3 லிட்டர் தண்ணீர், 210 கிராம் சர்க்கரை. லிட்டருக்கு 70 கிராம். இது கிட்டத்தட்ட 1.026 வர வேண்டும். இதில் 300 மில்லி பழைய கொம்புச்சாவை உறையாக ஊற்றுகிறீர்கள். அது ஏற்கெனவே 1.010 வரை இறங்கியது. கலந்த பிறகு மொத்தம் 1.024-க்கு வந்துவிடும். ஆக, உறை ஊற்றும் முன் அளந்தீர்களா, பின் அளந்தீர்களா என்பதிலேயே இரண்டு பாயிண்ட் போய்விட்டது. இப்போது அடுப்படி 33 டிகிரி, கையில் இருப்பது 20 டிகிரி கருவி. கண்ணில் படுவது 1.021-க்கும் சற்றுக் கீழே.

1.026-ஐ எதிர்பார்த்தவர் 1.021-ஐப் பார்த்ததும் என்ன செய்வார்? இன்னொரு கை சர்க்கரையைப் போடுவார். எல்லாரும் விழுகிற குழி இதுதான். குறைந்தது சர்க்கரையே இல்லை. திருத்தம் போடாமல், உறையைக் கணக்கில் சேர்க்காமல் சர்க்கரையைக் கூட்டாதீர்கள்.

இரண்டையும் பார்த்த பிறகும் குறைவாக இருந்தால்:

கரைந்ததா என்று பாருங்கள். ஆறின டிகாக்‌ஷனில் சர்க்கரையைப் போட்டு ஒப்புக்குக் கலக்கியிருந்தால் அடியில் பாகாகக் கிடக்கும். சூடாக இருக்கும்போதே போட்டு முழுக்கக் கரைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் சேர்த்து அளவைக் கூட்டுகிறவர்கள் சேர்த்த பிறகு இன்னொரு முறை அடிவரை கலக்க வேண்டும்.

கப் கணக்கில் போடாதீர்கள். பொடிச் சர்க்கரைக்கும் கட்டிச் சர்க்கரைக்கும் ஒரே கப்பில் எடை வேறு.

நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி போட்டிருந்தால் எடைக்கு எடை வெள்ளைச் சர்க்கரையின் கிராவிட்டி வராது. ஈரம் இருக்கிறது, கரையாத கசடு இருக்கிறது. மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்த நாட்டுச் சர்க்கரை இன்னும் மோசம். இதற்குப் பொது வாய்ப்பாடு கிடையாது. அந்தந்தப் பையில் 50 கிராம் எடுத்து இரண்டாம் படிச் சோதனையைச் செய்து பாருங்கள், 1.040-க்கு எவ்வளவு குறைகிறது என்று தெரிந்துவிடும்.

கூடுதலாக வந்தால் காரணம் பெரும்பாலும் தண்ணீர் குறைந்ததுதான். கொதிக்கவிட்டு, மறந்து, வந்து அணைத்திருப்பீர்கள். மூன்று லிட்டரில் 200 மில்லி ஆவியாகப் போனாலே 1.026 என்பது 1.027-ஐத் தாண்டிவிடும். தேயிலையும் தன் பங்குக்குக் கொஞ்சம் குடிக்கும். வடிகட்டிய பிறகு எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அளந்து, குறைந்ததைக் கொதித்து ஆறின தண்ணீரால் நிரப்புங்கள்.

6. நாள் போயும் இறங்கவில்லையா, ஏறுகிறதா?

முதல் மூன்று நாள் அசையாமல் இருப்பது சகஜம், ஏன், ஒரு பாயிண்ட் ஏறக்கூட ஏறலாம். ஈஸ்ட் முதலில் சர்க்கரையை இரண்டாக உடைக்கிறது. உடையும்போது தண்ணீரும் அதில் சேர்ந்துகொள்வதால் கரைந்திருக்கும் பொருளின் எடை சற்றுக் கூடும். இதோடு, துணி கட்டின வாய் வழியாகத் தண்ணீர் ஆவியாகிறது. கத்திரி வெயிலில் ஃபேன் காற்றுக்கு நேரே வைத்த ஜாடியில் மட்டம் இறங்குவது கண்ணுக்கே தெரியும். ஜாடியின் வெளியே முதல் நாள் மட்டத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஏறின ரீடிங்கின் ரகசியம் அதுதான்.

ஐந்தாம் நாளும் இம்மியும் நகரவில்லை என்றால் இப்போதுதான் பானத்தைச் சந்தேகிக்கலாம். டிகாக்‌ஷன் ஆறுவதற்கு முன்பே உறை ஊற்றினீர்களா? 40 டிகிரிக்கு மேல் ஊற்றினால் ஈஸ்ட் அடிபடும். கையால் ஜாடியைத் தொட்டால் சூடே தெரியக்கூடாது. ஸ்கோபியை ஃப்ரிட்ஜில் போட்டு வைத்திருந்தீர்களா? எழுந்துவர நாளாகும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறையிலா வைத்திருக்கிறீர்கள்? சமையலறைக்கு மாற்றிப் பாருங்கள். கொம்புச்சாவுக்கு 24-இலிருந்து 30 டிகிரி வரை தோதான வெப்பம். சென்னையில் கார்த்திகை, மார்கழியில் எட்டு, பத்து நாள் எடுப்பது சித்திரையில் ஐந்தாறு நாளில் புளித்துத் தள்ளும். போன முறை எழுதிய நோட்டோடு ஒப்பிடும்போது மாதத்தையும் பாருங்கள்.

கிராவிட்டி அசையாமல், பி.எச்.சும் (புளிப்பு ஏற ஏற இறங்குகிற அளவு) இறங்காமல் இருந்தால்தான் நிஜமாகவே கவலைப்பட வேண்டும். பி.எச். தாள் விலை குறைவு, ஒரு கட்டு வாங்கி வையுங்கள். ஒரு வாரத்தில் 4.2-க்குக் கீழே வராத ஜாடியைக் குடிக்காதீர்கள். மேலே பஞ்சு பஞ்சாகப் பச்சை, கறுப்புப் பூஞ்சை கண்டால் ஸ்கோபியோடு சேர்த்துக் கொட்டிவிடுங்கள். அங்கே எந்த ரீடிங்கும் பார்க்க வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான புகாரும் வரும். வாயில் வைக்க முடியாத புளிப்பு, ஆனால் ரீடிங் 1.016-க்குக் கீழே போகமாட்டேன் என்கிறது. இதில் தப்பு எதுவும் இல்லை. பீரில் சர்க்கரை ஆல்கஹாலாகிறது, ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, அதனால் ரீடிங் சரசரவென்று இறங்குகிறது. கொம்புச்சாவில் அந்த ஆல்கஹாலைப் பாக்டீரியா அசிட்டிக் அமிலமாக மாற்றுகிறது. குளுக்கோஸின் ஒரு பகுதி நேராகவே குளுக்கோனிக் அமிலமாகிறது. அமிலங்கள் தண்ணீரைவிடக் கனம். சர்க்கரை குறைந்த இடத்தை அமிலம் வந்து நிரப்பிக்கொள்வதால் ரீடிங் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் 'எப்போது எடுப்பது' என்பதை நாக்கிடமும் பி.எச். தாளிடமும் கேளுங்கள்.

7. ரிஃப்ராக்டோமீட்டர் வேறு எண் காட்டினால்

ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாயில் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் வருகிறது. இரண்டு சொட்டு போதும், ஜாடி காலியாகாது. ஒரு பிரிக்ஸ் என்பது ஏறக்குறைய 4 பாயிண்ட். 6 பிரிக்ஸ் என்றால் 1.024. போட்ட அன்றைக்கு அளக்க அருமையான கருவி.

நொதித்த பிறகு அதை நம்பாதீர்கள். அது ஒளி வளைவதைவைத்து அளக்கிறது. ஆல்கஹால் ஒளியைத் தண்ணீரைவிட அதிகமாக வளைக்கும், ஆனால் அடர்த்தியைக் குறைக்கும். அதனால் ஒரே பானத்தில் ரிஃப்ராக்டோமீட்டர் கூடவும் ஹைட்ரோமீட்டர் குறையவும் காட்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எதையும் குறிக்காத ஓர் எண். தானே வெப்பத்தைத் திருத்திக்கொள்ளும் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், அந்த வசதி பெரும்பாலும் 10-இலிருந்து 30 டிகிரிக்குள்தான். மே மாத மதியம் அதற்கு வெளியே. காலையில் அளங்கள்.

8. பீர் சூத்திரத்தைத் தொடாதீர்கள்

முதல் ரீடிங்கிலிருந்து கடைசி ரீடிங்கைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் என்பது பீருக்கான சூத்திரம். 1.024-இலிருந்து 1.012-க்கு வந்த கொம்புச்சாவுக்கு இதைப் போட்டால் 1.6 சதவீதம் என்று வரும். ஆல்கஹாலில் ஒரு பங்கு ஏற்கெனவே அமிலமாகிவிட்டது என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. இன்னொரு பக்கம், அமிலம் ரீடிங்கைத் தூக்கிப்பிடித்திருப்பதால் எவ்வளவு சர்க்கரை போனது என்பதும் தெரியாது. விடை இரண்டு பக்கமும் தப்பும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 மதுபான ஒழுங்குமுறைகளின்படி ஆல்கஹால் 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் அது மதுபானம். சூத்திரப்படி பார்த்தால் அது வெறும் 4 பாயிண்ட். வெப்பத் திருத்தத்தை மறந்தாலே அந்த 4 பாயிண்ட் போய்விடும். ஆகவே 'என் கொம்புச்சாவில் ஆல்கஹாலே இல்லை' என்று ஹைட்ரோமீட்டரைக் காட்டி யாருக்கும் உறுதி கொடுக்காதீர்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், மது தொடாதவர்கள் இருக்கும் வீட்டில் முக்கியமாக.

9. பாட்டிலில் அடைத்த பிறகு

மாம்பழம், சப்போட்டா, இஞ்சிச் சாறு சேர்த்து அடைக்கும்போது சர்க்கரையும் சேர்கிறது. கூழ் மிதக்கிற பானத்தில் ஹைட்ரோமீட்டர் சிக்கிக்கொண்டு நிற்கும். மெல்லிய துணியில் வடிகட்டி அளங்கள்.

ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயு வரும். மூடின பாட்டிலில் அது போவதற்கு இடமில்லை. வெயில் காலத்தில் வெளியே வைத்து மறந்தால் கண்ணாடி சிதறும். சதுர வடிவ அலங்கார பாட்டில், ஜாம் பாட்டில் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் சேர்த்து அடையுங்கள். அது அமுக்க முடியாதபடி கல்லாகிவிட்டால் எல்லா பாட்டிலையும் உடனே ஃப்ரிட்ஜில் ஏற்றிவிடுங்கள்.

10. விற்கப் போகிறீர்கள் என்றால்

வீட்டிலிருந்து விற்பதற்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு வேண்டும். அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம், ஏஜெண்ட் தேவையில்லை. புகைப்படம், அடையாளச் சான்று, தயாரிக்கும் இடத்தின் முகவரிச் சான்று, என்னென்ன பொருள் தயாரிக்கிறீர்கள் என்ற பட்டியல் ஆகியவற்றை முன்பே ஸ்கேன் செய்து வையுங்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தப் பத்திரத்தில் பெயரும் கதவெண்ணும் அடையாளச் சான்றோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கட்டணமும் விற்றுமுதல் வரம்பும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கிற அன்று தளத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆல்கஹால் அளவுக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும். விலை கேட்கும்போது 'ஃபுல் டெஸ்ட்' என்று சொல்லாதீர்கள். எந்தெந்தச் சோதனை வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லி, எழுத்தில் விலை வாங்குங்கள். ஆல்கஹாலை கேஸ் குரோமட்டோகிராஃபி (ஆவியாக்கிப் பிரித்து அளக்கும்) முறையில் பார்ப்பார்களா என்று கேளுங்கள். இவ்வளவு குறைந்த அளவில், அதுவும் புளித்த பானத்தில், அதுதான் நம்பகமானது. அறிக்கையில் பேட்ச் எண், தயாரித்த தேதி இரண்டும் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு பாட்டிலை அனுப்பாதீர்கள். அடைத்த அன்றைய பாட்டில் 0.5-க்குள் இருந்துவிடலாம். பாட்டிலுக்குள் காற்று இல்லாததால் பாக்டீரியா அடங்கிவிடும், ஈஸ்ட் மட்டும் ஆல்கஹாலைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால் ஒன்று புதிது, இன்னொன்று நீங்கள் லேபிளில் போடுகிற கடைசித் தேதி வரை வைத்திருந்தது என இரண்டையும் கொடுங்கள். ஐஸ் போட்ட டப்பாவில், காலையிலேயே, ஆய்வகம் சாம்பிள் வாங்குகிற நாளை முன்கூட்டியே போனில் கேட்டுக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் கொடுத்தால் திங்கள்கிழமை வரை அது எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.